அங்கம்மாள் வீட்டு லெட்டூஸ் வரிசை

மலைமேல் ஊசிப்பாறை என்று ஓர் ஊர். பஸ் அந்த ஊர் வரைக்கும்தான் வரும். அதற்கு மேல் போக ரோடும் கிடையாது, போக வேண்டிய அவசியமும் யாருக்கும் கிடையாது. அந்த ஊரில் தவசிமுத்து, ஒச்சு, சன்னாசி, வெள்ளைச்சாமி என்று நாலு பேர் இருந்தார்கள். நாலு பேரும் ரொம்பக் கெட்டிக்காரர்கள். இதை நான் சொல்லவில்லை. வேறு யாரும் சொல்லாததால் அவர்களே சொல்லிக்கொள்வார்கள்.

நாலு பேருக்கும் தலைவன் தவசிமுத்து. அவனைத் தலைவனாக்கியதற்குக் காரணம், அவனுக்கு மட்டும்தான் நிலம் இருந்தது. அதுவும் அவனுடையது இல்லை. பெண்டாட்டி அங்கம்மாள் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்தது. மலைச்சரிவில் வெட்டின ஒரே ஒரு படி. அகலத்துக்கு ஒரு ஆள் ஒருக்களித்துப் படுக்கலாம், புரண்டால் கீழே போய்விடுவான். நீளத்துக்கு ஐம்பது ஆள் தலைமாட்டுக்குக் கால்மாடாகப் படுக்கலாம். கல்யாணத்தன்று அப்படித்தான் அளந்தார்கள், நாலு பேரும் மாறி மாறிப் படுத்து, எழுந்து, படுத்து. மாப்பிள்ளை வேட்டி அன்றைக்கே பாழ்.

போன வருஷம் அந்தப் படியில் லெட்டூஸ் போட்டார்கள். பட்டணத்துக்காரர்கள் பச்சையாகத் தின்கிற கீரை. முட்டைக்கோஸ் போல உருண்டு வரும்.

"வேக வைக்கத் தேவையில்லாத கீரையை விளைய வைக்கிறது என்ன பெரிய வேலையா?" என்றான் ஒச்சு.

"ஒரு செடி வைக்கிற இடத்துல ஆறு செடி வெச்சா, ஆறு பங்கு கீரை," என்றான் சன்னாசி.

"அப்போ ஏழு வைப்போம்," என்றான் தவசிமுத்து. தலைவன் என்றால் ஒன்று கூடச் சொல்லத்தானே வேண்டும்.

விரல்கடை இடைவெளியில் நெருக்கி நெருக்கி நட்டார்கள். ஏழு செடியும் வெயிலை எட்டிப் பார்த்து எட்டிப் பார்த்து ஒல்லியாக நெட்டுக்கு வளர்ந்து நின்றன. ஒன்றுகூட உருளவில்லை. காற்று போக வழியில்லாமல் அடியிலை எல்லாம் கொழகொழவென்று அழுகிவிட்டது. அங்கம்மாள் ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் வாரி ஆடுகளுக்குப் போட்டாள். ஆடுகளால் மூக்கைப் பிடித்துக்கொள்ள முடியாததால் அவை ஓடிவிட்டன.

இந்த வருஷம் ஆனி பிறந்ததும் அங்கம்மாள் நாலு பேரையும் நிற்க வைத்துப் பேசினாள்.

"நல்லாக் கேட்டுக்கோங்க. கீழ விடுதி சமையல்கார ஸ்டீபன் மாஸ்டர்கிட்ட வாக்குக் குடுத்திருக்கேன். ஆவணி முதல் வெள்ளி அங்க கல்யாண விருந்து. நாப்பது லெட்டூஸ் போகணும். ஒவ்வொண்ணும் ரெண்டு கையிலயும் ஏந்துற மாதிரி உருண்டையா இருக்கணும். மதியம் பன்னெண்டு மணிக்குள்ள போகணும். போகலைன்னா நிலத்தை எங்க அண்ணன்கிட்ட குடுத்துருவேன். அவரு கேரட் போட்டுக்கிடட்டும்."

அண்ணன் கார்மேகத்தின் கேரட் காடு, இந்தப் படி முடிகிற இடத்தில்தான் தொடங்குகிறது. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அன்று மாலையே கேரட் விதை ஒரு பொட்டலம் வாங்கி மடியில் கட்டிக்கொண்டார்.

தவசிமுத்து வாழ்க்கையில் ஆசைப்பட்டது ரொம்பக் கொஞ்சம். அந்தப் படியில் மத்தியானம் ஒருக்களித்துப் படுத்தால் வருகிற தூக்கம் அவனுக்குக் கட்டிலில் வராது. அதில் கேரட்டைப் போட்டுவிட்டால் தான் எங்கே போய்ப் படுப்பது என்று நினைத்ததும் அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

நல்லவேளையாகத் தோட்டக்கலை மேடம் ஒருவர் அந்த வாரம் ஊருக்கு வந்தார். நாலு பேரும் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர் படியைப் பார்த்தார், போன வருஷக் கதையைக் கேட்டார், சிரிக்காமல் இருக்க ரொம்பப் பாடுபட்டார்.

"செடிக்குச் செடி ஒரு சாண் இடைவெளி விடுங்க. நெருக்கினா தண்டுதான் நீளும், உருண்டை பிடிக்காது, அடியில அழுகிரும். ரொம்பத் தள்ளினா களை பூந்துக்கும், எண்ணிக்கையும் குறைஞ்சிரும். கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். ஒரு சாண்னா ஒரு சாண்."

"நெருக்கினா ஏன் மேடம் வளராது?" என்று கேட்டான் ஒச்சு.

"மனுஷனுக்கும் அப்படித்தானே? மேல மேல உக்காந்தா யாரு வளர முடியும்?"

நாலு பேரும் பயபக்தியோடு ஆளுக்கு ஓர் அடி தள்ளி நின்றார்கள். அதற்குள் பஸ் ஹாரன் அடித்துவிட்டது. மேடம் ஓடிப்போய் பஸ் படிக்கட்டில் கால் வைக்கையில் சன்னாசி பின்னாலேயே ஓடினான்.

"மேடம், மேடம்! அந்த ஒரு சாண் எது வரைக்கும்?"

"அறுவடை வரைக்கும்தான்!" என்றார் மேடம். பஸ் போய்விட்டது. பாவம், நல்ல மனுஷி. அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை.

ஒரு சாண் என்றால் யார் சாண்? இந்த விவாதத்தில் ஒரு பகல் போயிற்று. தவசிமுத்து சாண் பெரிது, சன்னாசி சாண் சின்னது, ஒச்சுவுக்குச் சுண்டுவிரல் பாதிதான் இருந்தது.

"வெள்ளைச்சாமி கைதான் சரி," என்றான் தவசிமுத்து கடைசியில். "அவன் கைதான் வேலைவெட்டி செய்யாம புத்தம் புதுசா இருக்கு."

வெள்ளைச்சாமிக்குப் பெருமை பிடிபடவில்லை. அன்றிலிருந்து அவன் வலது கை ஊர்ப் பொதுச்சொத்து. சோறு பிசைந்தால் சுருங்கிவிடும், சுடுதண்ணீர் பட்டால் ஊதிவிடும் என்று அதை ஈரிழைத் துண்டில் சுற்றி நெஞ்சோடு கட்டிவிட்டார்கள். அவன் பெண்டாட்டி பஞ்சவர்ணம் மூன்று நாள் சோறு ஊட்டிவிட்டாள். நாலாம் நாள் கரண்டியைத் தூக்கிக் காட்டினாள். அதற்கப்புறம் மற்ற மூன்று பேரும் முறைவைத்து ஊட்டினார்கள்.

அந்தக் கையால் அளந்து அளந்து ஒரே வரிசையாக நானூறு நாற்று நட்டார்கள். முதல் செடி அங்கம்மாள் அடுப்படி வாசலில். நானூறாவது செடி கார்மேகத்தின் வேலி ஓரம். அந்தக் கடைசிச் செடியைத் தவசிமுத்து தன் கையாலேயே நட்டு, தினமும் தானே தண்ணீர் ஊற்றினான். அதன் மேல் அவனுக்கு என்னமோ ஒரு பிரியம் விழுந்துவிட்டது.

இரண்டு வாரம் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. ஒருநாள் காலையில் சரிபார்க்க வெள்ளைச்சாமி துண்டை அவிழ்த்துக் கையை விரித்து இரண்டு செடிக்கு நடுவே வைத்தான். சுண்டுவிரல் இலைமேல் ஏறிவிட்டது. அடுத்த செடியிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும் அப்படியே.

"அண்ணே!" என்று அலறினான். "இடைவெளி திருட்டுப் போயிருச்சுண்ணே!"

மூன்று பேரும் ஓடிவந்தார்கள். ஒச்சு குனிந்து செடிகளுக்கு அடியில் தேடிப் பார்த்தான். சன்னாசி வேலிக்கு அந்தப் பக்கம் சந்தேகமாகப் பார்த்தான்.

"கேரட்டுக்குள்ள ஒளிச்சு வெச்சிருப்பாரோ?"

தவசிமுத்து மண்ணில் குப்புறப் படுத்து ஒரு செடியையும் அதற்கடுத்த செடியையும் வெகுநேரம் உற்றுப் பார்த்தான். இலைகள் அகல விரிந்து ஒன்றை ஒன்று தொடப் போகிற மாதிரி நின்றன.

"யாரும் திருடலைடா," என்றான். "செடிக ஒண்ணுக்கொண்ணு நகர்ந்து கிட்ட வருதுக. பேச்சுத் துணைக்கு ஆசைப்படுதுக போல."

"இப்பிடித்தான் போன வருஷமும் நெருங்குச்சு," என்றான் ஒச்சு. "அடுத்து அழுகும்."

"விடுவேனா? கூடவும் கூடாது, குறையவும் கூடாது. தள்ளி நடுங்கடா!"

முதல் செடியை அப்படியே விட்டார்கள். இரண்டாவதை மண்கட்டியோடு பெயர்த்து ஒரு விரல் தள்ளி நட்டார்கள். மூன்றாவதை இரண்டு விரல், நாலாவதை மூன்று விரல். இப்படியே போய் நானூறாவது செடிக்கு வரும்போது அது முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது விரல் தள்ளிப் போகவேண்டியிருந்தது. வேலியைத் தாண்டிக் கார்மேகத்தின் கேரட் காட்டில் போய் உட்கார்ந்தது.

இப்படித் தோண்டி நட்டுக்கொண்டே இருந்தால் எந்தச் செடியும் செத்துப்போகும் என்பீர்கள். அது அந்தச் செடிகளுக்குத் தெரியவில்லை போலிருக்கிறது. நட்டவர்கள் மாதிரிதானே நாற்றும் இருக்கும்! காற்றும் வெயிலும் தாராளமாகக் கிடைத்ததும் இலைக்குமேல் இலை மூடிக்கொண்டு ஜம்மென்று உருள ஆரம்பித்தன. உருள உருள இடைவெளி குறைந்தது. குறையக் குறைய வரிசை நீண்டது.

கார்மேகம் காலையில் வந்து பார்த்துவிட்டுக் குதித்தார். "மாப்ளே! என் காட்டுல என்ன இது?"

"லெட்டூஸ் மச்சான்."

"அது தெரியுது! இங்க என்ன பண்ணுது?"

"போய்க்கிட்டிருக்கு மச்சான்," என்றான் தவசிமுத்து அமைதியாக. "நாளைக்குப் பாருங்க, இது இங்க இருக்காது."

மறுநாள் அது அங்கே இல்லைதான். இன்னும் இருபதடி தள்ளிப் போயிருந்தது. ஆனால் அதன் பின்னால் முப்பது செடி புதிதாக வந்திருந்தன.

கார்மேகம் தொண்டை வற்றக் கத்தினார். அன்றைக்குப் பார்த்து வெள்ளைச்சாமியின் கையில் குளவி கொட்டிவிட்டது. கை பணியாரமாக வீங்கிவிட்டது. விரல்களை விரிக்க முடியவில்லை. சாண் பாதியாகிவிட்டது. நாலு பேரும் அவசரமாகக் கூடினார்கள்.

"கைதானே வீங்கியிருக்கு, நிலமா வீங்கியிருக்கு? பழைய இடைவெளியே இருக்கட்டுமே," என்றான் ஒச்சு. வாழ்நாளில் அவன் உருப்படியாகச் சொன்ன ஒரே வார்த்தை அது. யாரும் கேட்கவில்லை.

"சாண்னா சாண்தான்," என்றான் தவசிமுத்து. "இன்னைக்கு என்ன சாணோ அதுதான் இடைவெளி."

வரிசை முழுவதையும் பெயர்த்துப் பின்னுக்கு இழுத்தார்கள். சாயங்காலம் கேரட் காட்டில் ஒரு லெட்டூஸ் இல்லை. கார்மேகம் மீசையை முறுக்கிக்கொண்டு டீக்கடையில் உட்கார்ந்து, "ஒரு சத்தம் போட்டேன், அத்தனையும் ஓடிப்போச்சு!" என்று ஊருக்கெல்லாம் சொன்னார். மூன்று நாளில் வீக்கம் வற்றியது. நாலாம் நாள் லெட்டூஸ் வரிசை கேரட் காட்டைக் குறுக்கே தாண்டி மறுபக்கம் வெளியே வந்துவிட்டது. கார்மேகம் அதற்கப்புறம் டீக்கடைப் பக்கமே போகவில்லை.

ஆடி பாதியில் வரிசை ரேஷன் கடை வாசலுக்கு வந்தது. அங்கே ஏற்கெனவே சனங்களின் வரிசை ஒன்று நின்றது. இரண்டு வரிசையும் ஒரே இடத்தில் போகவேண்டியிருந்ததால், ஒரு ஆள், ஒரு லெட்டூஸ், ஒரு ஆள், ஒரு லெட்டூஸ் என்று நின்றார்கள். கடைக்காரர் தலையைத் தூக்காமலே பில் போடுகிற ஆள்.

"அடுத்தது. கார்டு எடு," என்றார்.

அடுத்தது லெட்டூஸ். அது பேசாமல் இருந்தது.

"கார்டு இல்லாட்டி ஓரமாப் போ!" என்று அதட்டினார்.

சன்னாசி பவ்யமாக அதைப் பெயர்த்து ஓரமாக நட்டான்.

மண்ரோடு முடிந்து தார்ரோடு வந்தது. தார்ரோட்டில் குழி தோண்ட முடியாது என்பதை ஒருநாள் முழுக்கத் தோண்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். அப்புறம் சிமெண்ட் சாக்கில் மண் நிரப்பி, சாக்குக்கு ஒரு செடியாக ரோட்டோரம் வைத்துக்கொண்டே போனார்கள். பஸ் வந்து நின்றது. டிரைவர் எட்டிப் பார்த்து, "யோவ், யாருய்யா இது ரோட்டுல?" என்றார்.

"நீங்களும் ஒரு சாண் தள்ளியே போங்கண்ணே," என்றான் வெள்ளைச்சாமி, நெஞ்சிலிருந்து கையை அவிழ்த்துக் காட்டி. டிரைவர் அந்தக் கையையும் ரோட்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஒரு சாண் தள்ளியே ஓட்டிக்கொண்டு போனார். மனுஷனுக்கு அன்றைக்கு என்ன மனவேதனையோ.

ஆவணி முதல் வெள்ளி வந்தது. ஒவ்வொரு லெட்டூஸும் இரண்டு கையிலும் ஏந்தினால் வழிகிற உருண்டை. ஒன்றில்கூட அழுகல் இல்லை, பூச்சி இல்லை. இலை ஒவ்வொன்றும் மொறுமொறுவென்று. அங்கம்மாள் அடுப்படி வாசலில் நின்று முதல் செடியைத் தொட்டுப் பார்த்தாள். பார்த்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்கே நம்ப முடியவில்லை, பாவம்.

"மணி ஒன்பது. வெட்டுங்க," என்று அரிவாளை நீட்டினாள்.

தவசிமுத்து அரிவாளை வாங்கி முதல் செடிக்குப் பக்கத்தில் குந்தினான். வெட்டப் போன கை நின்றுவிட்டது.

"இதை வெட்டிட்டா ரெண்டாவது செடி எதுல இருந்து ஒரு சாண்?"

"வாசப்படியில இருந்து," என்றான் சன்னாசி.

"வாசப்படி செடியாடா?"

நடுவில் வெட்டினால் இரண்டு பக்கமும் இடைவெளி கூடிப்போகும். கூடவும் கூடாதே! ஒன்பதரை ஆயிற்று, பத்தாயிற்று. நாலு பேரும் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்கள், வெள்ளைச்சாமி மட்டும் இடது கையை. பதினொன்றுக்குக் கார்மேகம் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்து, படியின் ஓரத்தில் நின்று மடியிலிருந்த கேரட் விதைப் பொட்டலத்தைத் தட்டித் தட்டிப் பார்த்தார்.

"அட, நாசமாப் போக! ஏதாவது ஒண்ணை வெட்டித் தொலைங்க!" என்று கத்தினாள் அங்கம்மாள். "பன்னெண்டுக்குள்ள நாப்பதையும் சுமந்து கீழ விடுதிக்குப் போகணும்!"

விடுதி என்றதும் தவசிமுத்துவுக்குத் தன் கடைசிச் செடியின் ஞாபகம் வந்தது. சாவதற்கு முன்னால் பிள்ளையைப் பார்க்கப் போகிறவன் மாதிரி எழுந்து வரிசையோடு ஓடினான். கேரட் காட்டைத் தாண்டி, ரேஷன் கடையைத் தாண்டி, பஸ் திரும்புகிற இடத்தைத் தாண்டி, வளைவைத் தாண்டி ஓடினான். எல்லாரும் அவன் பின்னால் ஓடினார்கள். கார்மேகமும் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு ஓடினார்.

விடுதியின் சமையலறை வாசலில் ஸ்டீபன் மாஸ்டர் இடுப்பில் கைவைத்து நின்றார். அவர் காலடியில் நானூறாவது லெட்டூஸ். அதன் பின்னால் வளைவு வரைக்கும் வரிசையாகச் சாக்கு சாக்காக லெட்டூஸ்.

"அங்கம்மா!" என்றார் மாஸ்டர். "முப்பது வருஷமா சமைக்கிறேன். வெட்டின கீரை வதங்கித்தான் இங்க வந்து சேரும். அடுப்படி வாசல்லயே உசிரோட கொண்டாந்து நிறுத்தின ஆளுங்களை இப்பத்தான் பாக்குறேன்!"

மணி பதினொன்றே முக்கால். கார்மேகம் மடியிலிருந்த பொட்டலத்தை மெல்ல இன்னும் உள்ளே தள்ளினார்.

ஆனால் தவசிமுத்துவுக்குக் கடைசிச் செடியை வெட்ட மனசு வரவில்லை. அதற்கு முந்தினதை வெட்டினான். உடனே இடைவெளி மூன்று சாணாகிவிட்டது. கடைசிச் செடியைச் சாக்கோடு தூக்கிப் பின்னுக்கு நகர்த்தி, வெள்ளைச்சாமி கையால் அளந்து, ஒரு சாண் விட்டு வைத்தார்கள். அப்புறம் அதற்கு முந்தினது. மறுபடி நகர்த்தல். பன்னிரண்டு அடிக்கும்போது நாற்பது லெட்டூஸ் மாஸ்டரின் மேசைமேல் இருந்தது. நானூறாவது செடி வளைவுக்கு அந்தப் பக்கம் போயிருந்தது.

மாஸ்டர் அந்த வாரம் முழுக்கத் தினமும் கேட்டார். இவர்கள் தினமும் வெட்டினார்கள். கடைசிச் செடி வந்த வழியே திரும்பி நடந்தது. பஸ் திரும்புகிற இடம், ரேஷன் கடை, கேரட் காடு என்று எல்லாரிடமும் விடைபெற்றுக்கொண்டு வந்தது. இறுதியில் அங்கம்மாள் வாசலில் முதல் செடியும் நானூறாவது செடியும் மட்டும் ஒரு சாண் விட்டு நின்றன. அதோடு வெட்டுவதை நிறுத்திவிட்டார்கள். ஒன்றை வெட்டினால் மற்றது எதிலிருந்து ஒரு சாண் என்ற கேள்விக்கு இன்றுவரை பதில் கிடைக்கவில்லை.

நிலம் தவசிமுத்துவுக்கே நிலைத்தது. வெட்டை நிறுத்திய அன்று மத்தியானம் அங்கம்மாள் கோழி அடித்துக் குழம்பு வைத்து, இரண்டு இலை போட்டாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை அவன் பார்த்ததில்லை.

"ஏங்க," என்றாள் மெதுவாக. "அங்க என்ன தள்ளி நிக்கிறீங்க? இங்க கிட்ட வந்து உக்காருங்க."

தவசிமுத்துவுக்குக் காதெல்லாம் சிவந்துபோயிற்று. ஆனாலும் வாசலைப் பார்த்தான். இரண்டு செடி இன்னும் வெட்டாமல் நின்றன. அப்படியென்றால் அறுவடை இன்னும் முடியவில்லை. மேடம் மனுஷனுக்கும் சேர்த்துத்தானே சொன்னார்!

"ஏலே வெள்ளைச்சாமி!" என்று கூப்பிட்டான். "கையைக் கொண்டு வாடா!"

வெள்ளைச்சாமி ஓடிவந்து, துண்டை அவிழ்த்து, புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் கையை விரித்து வைத்தான். ஒரு சாண், மிகச்சரியாக. கையை எடுத்தால் இடைவெளி கூடுமோ குறையுமோ என்ற பயத்தில் அப்படியே நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான். கோழிக்குழம்பின் வாசனை மூக்கைத் துளைத்தது. வலது கை வேலையில் இருந்ததால், வாயை மட்டும் திறந்து அங்கம்மாள் பக்கம் திரும்பினான்.

அங்கம்மாள்தான் ஊட்டிவிட்டாள்.